சாள்ஸ் பெடர்சனும் கிரீட ஈதர்களும்: ஒரு கண்டுபிடிப்பின் சமூகப் பின்னணி

விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றைச் சொல்வதற்கு எமது பாடநூல்கள் பழகிப்போன முறையொன்றை வைத்திருக்கின்றன. ஆப்பிள் விழுந்தது, குளிக்கும் தொட்டியில் நீர் வழிந்தது, கண்ணாடித் தட்டிற் பூஞ்சணம் படிந்தது, மேதை ஒருவர் கண்ணுற்றார், உலகம் மாறிற்று. தற்செயலும் மேதைமையும் கைகோத்து வரும் இக்கதைகள் வகுப்பறையில் மாணவரை விழித்திருக்கச் செய்வன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அக்கண்டுபிடிப்பு எத்தகைய உற்பத்தி முறையின் நடுவே, யாருடைய பணத்தில், எத்தனை ஆண்டுக்கால உழைப்பின்மீது, எவ்வகைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு நிகழ்ந்தது என்னும் வினாக்களை அவை எழவே விடுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சேதன இரசாயனத்தில் ஒரு புதுத்துறையையே தோற்றுவித்த கண்டுபிடிப்பொன்றை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1987ஆம் ஆண்டிற்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இருவர் பேராசிரியர்கள்: கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிராம், பிரான்சின் ஸ்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஜோன் மரி லென். மூன்றாமவரான சாள்ஸ் பெடர்சன் பேராசிரியரல்லர். கலாநிதிப் பட்டமும் அவருக்கு இல்லை. அமெரிக்காவின் டூபொன் கம்பனியில் 42 ஆண்டுகள் வேலைசெய்து 1969இல் ஓய்வுபெற்றவர். பரிசுச் செய்தி கிட்டியபோது அவருக்கு வயது 83. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் மேற்கூறிய வகையினதே: மாசு கலந்த மூலப்பொருளிலிருந்து எதிர்பாராத வெண்பளிங்குகள் சில கிடைத்தன, அவற்றை எறியாமல் வைத்தார், நோபல் பரிசு வந்தது. நிகழ்ச்சி என்ற அளவில் இது பிழையன்று. விளக்கம் என்ற அளவிற் பெரும்பகுதியும் பிழை.

முதலில் துறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேதன இரசாயனம் அணுக்களை அணுக்களோடு வலுவாகப் பிணைத்து மூலக்கூறுகளை ஆக்கும் கலையாக வளர்ந்தது. உயிருள்ள கலத்தினுள்ளே நடைபெறுவன பலவற்றை இக்கலை கொண்டு மாத்திரம் விளங்கிக்கொள்ள இயலாது. நொதியம் ஒன்று தனக்குரிய பொருளை ஆயிரம் பொருள்களின் நடுவே இனங்கண்டு பற்றுகிறது, பற்றியபின் விடுகிறது. நரம்புக் கலத்தின் மென்சவ்வு சோடியம் அயனையும் பொற்றாசியம் அயனையும் வேறுபிரித்து அறிகிறது. இங்கே நிகழ்வது பிணைப்பை உடைத்துப் பிணைப்பை ஆக்குதல் அன்று. முழு மூலக்கூறு ஒன்று இன்னொன்றை வடிவத்தாலும் மின்னேற்றத்தாலும் அறிந்து தற்காலிகமாகத் தழுவிக்கொள்ளுதலாகும். 1894இலேயே எமில் பிஷர் நொதியத்தையும் அது தாக்கும் பொருளையும் பூட்டுக்கும் திறப்புக்கும் ஒப்பிட்டிருந்தார். அந்த உவமை எழுபதாண்டுக்காலம் பெரிதும் உவமையாகவே நின்றது. செயற்கையாக ஆக்கப்பட்ட எளிய மூலக்கூறுகளைக் கொண்டு இத்தழுவலைத் திட்டமிட்டு நிகழ்த்தவும் அளக்கவும் முற்பட்ட துறைக்கு லென் 1978இல் இட்ட பெயரையே மீமூலக்கூற்று இரசாயனவியல் என ஈண்டு தமிழாக்கிக்கொள்கிறோம். மூலக்கூற்றுக்கு அப்பாற்பட்டது என்பது பொருள். இத்துறை 1967இல் வெளிவந்த பெடர்சனின் கட்டுரையிலிருந்து கிளைத்தது என்பதை மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

பெடர்சன் 1904 ஒக்ரோபர் 3ஆம் நாள் கொரியாவின் தென்கரையிலுள்ள பூசான் துறைமுகத்திற் பிறந்தார். தந்தை நோர்வே நாட்டவர். கப்பற் பொறியியலாளராகக் கீழைத்தேசத்துக்கு வந்து, வடகொரிய மலைப்பகுதியில் அமெரிக்கர் நடத்திய உன்சான் தங்கச் சுரங்கத்திற் பொறியியலாளராக அமர்ந்தவர். தாய் யப்பானியர், அவருடைய குடும்பம் சோயா அவரையும் பட்டுப்புழுவும் வணிகஞ்செய்யக் கொரியாவுக்கு வந்தது. பிள்ளை பிறந்த ஆண்டு ருசிய-யப்பானியப் போர் மூண்ட ஆண்டு. ஆறாண்டுகளிற் கொரியா முற்றாக யப்பானின் குடியேற்றமாயிற்று. நோர்வேத் தொழினுட்பம், அமெரிக்க மூலதனம், யப்பானிய வணிகம், கொரிய நிலமும் உழைப்பும் என ஏகாதிபத்திய காலத்தின் இழைகள் யாவும் ஒரு சுரங்கக் குடியிருப்பில் ஒன்றாய் முறுகிக்கிடந்தன எனலாம். அச்சிறுவனுக்கு எட்டு வயதானபோது நாகசாக்கியிலுள்ள கன்னியர்மடப் பாடசாலைக்கு அனுப்பினர்; பின்னர் யொக்கோகாமாவிற் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய புனித யோசேப்புக் கல்லூரி. 1922இல் அமெரிக்கா சென்று, ஒகையோ மாநிலத்து டேற்றன் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியலிற் பட்டமும், மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் சேதன இரசாயனத்தில் முதுமாணியும் பெற்றார். அங்கேயே தங்கிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயுமாறு ஆசிரியர்கள் வற்புறுத்தியபோதும் அவர் இணங்கவில்லை. தந்தையின் பணத்தில் மேலும் வாழ விருப்பமில்லை என்பதே காரணம். 1927இல் டூபொன் கம்பனியிற் சேர்ந்தார்.

இக்கம்பனியைப் பற்றி அறியாது பெடர்சனை அறிதல் அரிது. 1802இல் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கியது அது. முதலாம் உலகப்போரில் நேசநாடுகளுக்கு வெடிமருந்து விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிற்று. 1934இல் அமெரிக்க மூதவைக் குழுவொன்றின் விசாரணையில் மரண வியாபாரிகள் என்ற பழிச்சொல்லுக்கும் இலக்காயிற்று. போரிற் குவிந்த மூலதனத்தைச் சாயங்களிலும் பல்பகுதியங்களிலும் இட்ட இக்கம்பனி, 1927 அளவில் உடனடி இலாபத்தை நோக்காத அடிப்படை ஆராய்ச்சிக்கெனத் தனியே பணமும் ஒதுக்கத் தொடங்கிற்று. அத்திட்டத்தின்கீழ் வந்த வொலஸ் கறோதேர்ஸ் குழுவினரின் ஆராய்ச்சியிலிருந்தே செயற்கை இறப்பரும் நைலோனும் பிறந்தன. பெடர்சன் அமர்ந்ததோ அக்கோபுரத்தில் அன்று. நியூ ஜேர்சியின் டீப்வாட்டரில், தொழிற்சாலைப் புகைக்கருகே இருந்த ஜக்சன் ஆய்வுகூடத்தில். பிற்காலத்தில் டெப்லோன் எனப் பெயர்பெற்ற பொருளை 1938இல் றோய் பிளங்கற் கண்டதும் அதே ஆய்வுகூடத்திற்றான்.

பெடர்சனுடைய முதல் வெற்றிகளுள் ஒன்று நாலெதைல் ஈயத்தை உற்பத்தி செய்யும் முறையைத் திருத்தியமையாகும். பெற்றோல் எஞ்சினில் அதிர்வோசையைத் தடுக்கும் இப்பொருளின் குணத்தை ஜெனரல் மோட்டேர்ஸ் ஆய்வுகூடத்தில் 1921இற் கண்டனர். டூபொன் அக்கம்பனியின் பெரும் பங்குதாரர். 1923 முதல் 1925 வரையான காலத்தில் டீப்வாட்டர் தொழிற்சாலையில் ஈயநஞ்சு ஏறித் தொழிலாளர் பலர் மாண்டனர். நஞ்சேறியோர் இல்லாத பூச்சிகளைக் காற்றிற் பிடிக்கக் கைவீசியமையால் அக்கட்டடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வீடு என அங்குள்ள தொழிலாளரே பெயரிட்டனர். பத்திரிகைகளில் எழுந்த கூச்சலால் விற்பனை சிலகாலம் நிறுத்தப்பட்டு, 1926இல் மீண்டும் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் வந்த இளம் இரசாயனவியலாளனுக்குத் தரப்பட்ட வேலை இவ்வாறான ஒரு பொருளின் உற்பத்தியை மேலும் சிக்கனமாக்குவதே. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா தன் வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் விற்பதை நிறுத்தியது 2021இல். அதுவரை ஒரு நூற்றாண்டுக்காலம் ஈயம் குழந்தைகளின் குருதியிற் சேர்ந்துகொண்டிருந்தது. பெடர்சனைத் தனிமனிதராகக் குற்றஞ்சாட்டுவது இக்கட்டுரையாளரின் எண்ணமன்று. ஆயினும் நோபல் பரிசாளர் வரிசையில் அவரை வணங்கி எழுதுவோர் இப்பகுதியை ஒரு வரியிற் கடந்துபோவதும், தொழிலாளர் மரணங்களை அவ்வரியிற்கூடச் சேர்க்காமல் விடுவதும் நேர்மையான வரலாறாகா.

அடுத்து அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினையே எமக்கு முக்கியமானது. பெற்றோலைச் சேமித்து வைக்கும்போது அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுற்றுப் பசைபோன்ற படிவைத் தரும். சுத்திகரிப்பின்போது கலக்கும் மிகநுண்ணிய அளவான செம்பு இத்தாக்கத்துக்கு ஊக்கியாகிறது. செம்பை நீக்குவது செலவுமிக்க காரியம். பெடர்சன் வேறொரு வழியை நாடினார். செம்பு அயனை நாற்புறமும் கைகளாற் பற்றி அதன் ஊக்கத்தன்மையை அடக்கிவிடக்கூடிய சேதனச் சேர்வைகளைத் தயாரித்தார். செம்பு பெற்றோலினுள்ளேதான் இருக்கும். ஆனால் அது கட்டுண்டு கிடக்கும். இவ்வாறான உலோக முடக்கிகள் பெற்றோலியத் தொழிலுக்குப் பெரும் பயன் தந்தன. அது மட்டுமன்று, ஓர் உலோகத்தைத் தளைத்த சேர்வை மற்றோர் உலோகத்தின் ஊக்கத்தன்மையைக் கூட்டுவதும் உண்டு என அவர் கண்டார். ஆகவே ஓர் அயனைச் சுற்றி எத்தனை அணுக்கள், எந்தத் தூரத்தில், எந்த வடிவில் அமைந்தாற் பிடி உறுதியாகும் என்பதே அவருடைய பல்லாண்டுச் சிந்தனையாயிற்று. கவர்ச்சியற்ற விடயந்தான். பெற்றோல் கெடாமலிருக்க வேண்டும் என்னும் வணிகத் தேவையிலிருந்து எழுந்தது. ஆயினும் பின்னாளில் வெண்பளிங்கைக் கண்ட கண்ணுக்குப் பயிற்சியளித்தது இவ்விடயமே.

1946இல் அவர் ஆராய்ச்சி இணையர் என்னும் பதவிக்கு உயர்த்தப்பட்டார். டூபொன் கம்பனியில் நிர்வாகத்துக்குப் போகாமல் ஆய்வுமேசையிலேயே நின்ற ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அதியுயர் பதவி அது. தாம் விரும்பிய பிரச்சினையை எடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் ஓரளவுக்கு அதனோடு வந்தது. இதன் முக்கியத்துவத்தைப் பின்னர்க் காண்போம். அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட கட்டுரைகள் ஏறத்தாழ 25. பெற்ற ஆக்கவுரிமைகள் 65. பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கு இவ்வெண்கள் மாறியல்லவா அமையும்!

1960களின் தொடக்கத்தில், டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்டனிலுள்ள பரிசோதனை நிலையத்தில், இறப்பர்போன்ற பல்பகுதியங்களுக்கான பிரிவில் அவர் இருந்தார். வயது அறுபதை அண்மித்துக்கொண்டிருந்தது. வனேடியத்தின் ஊக்கத்தன்மையைக் கட்டுப்படுத்த வல்ல சேர்வையொன்றை ஆக்கவேண்டும் என எண்ணினார். கற்றெகோல் என்பது பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களைக் கொண்ட பொருள். இவ்வாறான இரு மூலக்கூறுகளை ஓர் ஈதர்ச் சங்கிலியால் இணைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஐதரொட்சிலைச் சுதந்திரமாக விட்டால், அவ்விரண்டு கைகளும் வனேடியத்தைப் பற்றும் என்பது திட்டம். இதற்காகக் கற்றெகோலின் ஒரு கையை முதலில் வேறொரு கூட்டத்தால் மூடிவைத்தார். மூடப்படாத கற்றெகோல் ஏறத்தாழ 10 சதவீதம் அதிற் கலந்திருந்தது. இதை அவர் அறிவார். இறுதியிற் சுத்திகரித்துக்கொள்ளலாம் என எண்ணி அப்படியே பயன்படுத்தினார். கிடைத்தது அருவருக்கத்தக்க பழுப்புநிறப் பசை. அதைப் பிரித்துக்கொண்டு போகையில், பட்டுநூல்போன்ற வெண்பளிங்குகள் சிறிதளவு கிடைத்தன. விளைவு 0.4 சதவீதம்.

எமது பல்கலைக்கழகச் செய்முறை வகுப்புகளை அறிந்தோர் இவ்விடத்திற் சிறிது நின்று யோசிப்பர். எதிர்பார்த்த உருகுநிலை வராத பொருள் கழுவுதொட்டிக்குப் போகும். குறிப்பேட்டிற் பாடநூல் விளைவு ஏறும். மாணவனைக் குறைசொல்ல முடியாது; புள்ளி பாடநூல் விளைவுக்கே கிடைக்கிறது.

பெடர்சன் அப்பளிங்குகளை ஊதாக்கடந்த கதிர்த் திருசியமானியால் ஆராய்ந்தார். சுதந்திரமான ஐதரொட்சில் கொண்ட பீனோல் வகைப் பொருளாயின், சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்க்கும்போது அதன் திருசியம் குறித்த முறையில் மாறவேண்டும். இப்பொருள் மெதனோலிற் சிறிதே கரைந்தது; சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்ததும் நன்றாகக் கரைந்தது. ஆனால் திருசியமோ சுதந்திர ஐதரொட்சில் எதுவும் இல்லை எனக் காட்டிற்று. அவ்வாறெனின் காரத்தோடு தாக்கம் எதுவும் நிகழ்ந்திருக்க முடியாது. பின் ஏன் கரைந்தது? மெதனோலிற் கரையத்தக்க வேறு சோடிய உப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். அவையும் அதனைக் கரைத்தன. ஆகவே செயற்பட்டது காரம் அன்று, சோடியம் அயன். எளிமையான, ஆனால் தீர்க்கமான நியாயம் இது. இனி, கிடைத்த பொருள் சிறிய வளையமாயின் அதன் மூலக்கூற்று நிறை 180 ஆக இருக்கவேண்டும். அளந்தபோது கிடைத்தது அதன் இருமடங்கான 360. மூடப்படாத கற்றெகோல் மூலக்கூறுகள் இரண்டு, இரு சங்கிலிகளால் இருபுறமும் இணைந்து, பதினெட்டு அணுக்கள் கொண்ட பெருவளையம் ஆகியிருந்தன. வளையத்தில் ஆறு ஒட்சிசன் அணுக்கள், யாவும் உள்நோக்கியவை. நடுவே ஒரு குழி. அக்குழியினுள் சோடியம் அயன் விழுந்து அமர்ந்திருந்தது.

இதிலுள்ள புதுமையை இரசாயனம் பயிலாதார்க்கு விளக்குதல் வேண்டும். செம்பு, கோபாற்று முதலியவை சேதனச் சேர்வைகளோடு சிக்கற்சேர்வைகளை ஆக்குவது பழைய செய்தி. சோடியமும் பொற்றாசியமும் அத்தகையனவல்ல என்பதே அக்காலக் கொள்கை. மின்னேற்றமற்ற செயற்கைச் சேதன மூலக்கூறு ஒன்று அவற்றை உறுதியாகப் பற்றும் என எவரும் எதிர்பார்க்கவில்லை. பெடர்சன் உடனே உணர்ந்தது இதைத்தான். முப்பது ஆண்டுகளாக அயன்களைப் பற்றும் கைகளையே எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் அல்லாமல் வேறொருவர் அக்கரைதிறன் மாற்றத்தை உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே. இந்த ஐயத்துக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. ஜேர்மனியரான லுட்ரிங்கவுஸ் 1937இலேயே பெரிய ஈதர் வளையங்களைத் தயாரித்துவிட்டார். அவருடைய நாட்டம் வளையங்களை மூடும் முறையிலேயே நின்றது; உலோக அயன்களை அவர் தேடவில்லை. 1950களின் பிற்பகுதியிற் பிரித்தானிய ஆய்வாளர் சிலர், ஈதர் வளையமொன்று பொற்றாசிய உலோகத்தைச் சிறிதளவு கரைத்து நீலநிறக் கரைசல் தருவதைக் கண்டும் அதனைத் தொடரவில்லை. பொருள் முன்னரே இருந்தது, காட்சியும் ஓரளவு இருந்தது, வினா இல்லை. தற்செயல் என்பது பலருக்கும் நேர்ந்தது. அதனை ஒரு பிரச்சினையின் விடையாக வாசிக்கும் பயிற்சி ஒருவருக்கே இருந்தது.

முழுக் கற்றெகோலையே வேண்டுமென்று பயன்படுத்தியபோது விளைவு 0.4இலிருந்து 45 சதவீதமாக உயர்ந்தது. மாசு மூலப்பொருளாயிற்று. அவர் ஏறத்தாழ அறுபது வளையங்களைத் தயாரித்தார். முறைப்படியான பெயர்கள் ஒன்றரை வரி நீண்டமையாற் கிரவுண் என்னும் சுருக்கப்பெயரை இட்டார். மாதிரியுருவில் வளையம் கிரீடம்போன்று தோன்றியது மட்டுமன்று காரணம். அயனுக்கு முடிசூட்டலாம், பின் இரண்டுக்கும் ஊறின்றிக் கழற்றலாம் என்பதையும் கருதியே அப்பெயர். தமிழில் முடி ஈதர் எனலாமெனினும், மயிரும் முடிச்சும் முடிவும் அச்சொல்லோடு வந்து குழப்புமாதலாற் கிரீட ஈதர் எனக் கொள்வதே தக்கது. கிரீடம்-18-6 என்றால் வளையத்தில் 18 அணுக்கள், அவற்றுள் 6 ஒட்சிசன். இதன் குழியின் விட்டம் 2.6 முதல் 3.2 அங்ஸ்ரம், பொற்றாசியம் அயனின் விட்டம் 2.66. ஆகவே இது பொற்றாசியத்துக்கு ஏற்றது. கிரீடம்-15-5இன் குழி 1.7 முதல் 2.2; சோடியத்தின் விட்டம் 1.94. பிஷரின் பூட்டும் திறப்பும் இப்பொழுது அங்ஸ்ரத்தில் அளக்கப்பட்டன. அளவொருமையே முழு விளக்கம் அன்று, கரைப்பானும் வளையத்தின் நெகிழ்ச்சியும் பங்கேற்கின்றன எனப் பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் உலகம் இதை அறிந்தது 1967இலேயே. கண்டுபிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்தன. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் இத்தகைய பொருளைக் கண்டால் அடுத்த திங்களே சஞ்சிகைக்கு எழுதியிருப்பார். கம்பனியில் ஆக்கவுரிமைதான் முதலில். வனேடியத்தின்பொருட்டுத் தொடங்கிய ஆராய்ச்சி வனேடியத்துக்குப் பயன்படவில்லை. புதிய பொருள் எதற்குப் பயன்படும் என்பதும் தெரியவில்லை. ஆயினும் உரிமை முற்கூட்டியே வேலியடைக்கப்பட்டது. இறுதியில் அமெரிக்க இரசாயனச் சங்கச் சஞ்சிகையில் 1967 டிசெம்பரில் வெளிவந்த முழுக்கட்டுரை இருபது பக்கம். ஆசிரியர் பெயர் ஒன்றே. வளையங்களின் தயாரிப்பு, இயல்புகள், அவை பற்றும் அயன்கள் யாவும் அதில் அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. சோடியம், பொற்றாசியம், உருபீடியம், சீசியம், கல்சியம், பேரியம், வெள்ளி எனச் செல்லும் அப்பட்டியலின் இறுதியில் ஈயமும் இருந்தது. அதே ஆண்டு யப்பானின் நிக்கோ நகரில் நடந்த சர்வதேச மகாநாட்டிலும் அவர் இதனை எடுத்துரைத்தார். இளமையிற் கல்வி கற்ற நாட்டிற்கு இவ்வாறு மீண்டார்.

அதன்பின் விரைவாயிற்று. டூபொன்னிலேயே பணியாற்றிய பிரென்ஸ்டோர்ப் சிக்கற்சேர்வைகளின் உறுதியை அளந்தார். இங்கிலாந்திற் பளிங்குவியலாளரான மேரி துறூற்றர் எக்ஸ்-கதிர்களால் அவற்றின் அமைப்பைத் தெளிவுபடுத்தி, அயன் உண்மையிலேயே வளையத்தினுட் கிடக்கிறது என 1970இல் நிறுவினார். பொற்றாசியம் பரமங்கனேற்று பென்சீனிற் கரையாது என்பது பாடசாலை மாணவரும் அறிந்தது. சிறிது கிரீட ஈதர் இடப்பட்டதும் பென்சீன் ஊதாநிறமாயிற்று. பொற்றாசியத்தை வளையம் மூடிக்கொள்ள, பரமங்கனேற்று அயனும் வேறு வழியின்றி உடன்சென்றது. கண்ணாற் காணத்தக்க இச்சான்று விரிவுரை மண்டபங்களில் எத்தனையோ மாணவரை வியக்கவைத்திருக்கிறது.

மற்ற இருவர் வந்த வழிகள் வேறு. 1939இற் பிறந்த லென், நரம்புக் கணத்தாக்கத்தில் சோடியமும் பொற்றாசியமும் மென்சவ்வைக் கடப்பது எவ்வாறு என்ற வினாவோடு இருந்தவர். வலினோமைசின் என்னும் இயற்கைப் பொருள் பொற்றாசியத்தைச் சவ்வினூடே கொண்டுசெல்வது 1964இற் கண்டறியப்பட்டிருந்தது. பெடர்சனின் வளையம் தட்டையானது. அயன் மேலும் கீழும் திறந்தே கிடந்தது. மூன்றாவது சங்கிலியொன்றைச் சேர்த்து அதனைக் கூண்டாக்கினால் என்ன என லெனும் உடனாய்வாளரும் வினவினர். 1969இல் வெளியான அக்கூண்டுகள் அயனைப் பன்மடங்கு உறுதியாகப் பற்றின. கிராமோ, ஐம்பதை நெருங்கும் வயதிற் பெடர்சனின் கட்டுரையைப் படித்துத் தம் ஆராய்ச்சியின் திசையையே மாற்றியவர். விருந்தோம்புவோனும் விருந்தினனும் என்னும் உருவகத்தில் அவர் துறையை வகுத்தார். அயனை ஏற்கும் வடிவிலேயே முன்கூட்டி இறுக்கமாக அமைக்கப்பட்ட மூலக்கூறுகளை 1979 முதல் வெளியிட்டார். லெனின் கூண்டு ஆய்வில் மாணவராக இருந்த சுவாஜ் என்பவரே 1983இல் செம்பு அயனை நடுவிலிருத்திச் சங்கிலிக் கண்ணிகள்போற் கோத்த வளையங்களை எளிதாக ஆக்கும் வழியைக் கண்டு, 2016இல் மூலக்கூற்று எந்திரங்களுக்கான நோபல் பரிசில் ஸ்ரொடாட், பெரிங்கா ஆகியோருடன் பங்குபெற்றார்.

இவ்வரலாற்றை எவ்வாறு மதிப்பிடுவது? முற்போக்குச் சிந்தனையாளரிடையே இருவிதமான எளிமைப்படுத்தல்களைக் காண்கிறோம். தனியார் கம்பனி ஆராய்ச்சி என்பது இலாபத்தின் கைப்பாவை, அதிலிருந்து உண்மையான விஞ்ஞானம் பிறவாது என்பது ஒன்று. பெடர்சன் இதற்கு நேரடி மறுப்பு. விஞ்ஞானம் எங்கும் தன்போக்கில் வளரும், சமூக அமைப்பு அதனைத் தொடாது என்பது மற்றொன்று. இதற்கும் பெடர்சனே மறுப்பு. பெற்றோலிலுள்ள செம்பு இல்லையேல் அயனைப் பற்றும் வினா அவருக்கு எழுந்திராது. போர்க்கால இலாபமும் நைலோன் இலாபமும் இல்லையேல், விற்பனைக்குதவாத வெண்பளிங்கோடு மூத்த ஊழியர் ஒருவர் தம் எஞ்சிய சேவைக்காலத்தைக் கழிக்கக் கம்பனி அனுமதித்திராது. ஏகபோகத்துக்குரிய மிகை இலாபம் ஆராய்ச்சிக்கு நீண்ட அவகாசத்தைத் தந்தது என்பது கசப்பான உண்மை. அந்த அவகாசம் உரிமையாகத் தரப்பட்டதன்று, தயவாகத் தரப்பட்டது என்பது அதனினும் கசப்பானது. கிரீட ஈதர்கள் டூபொன்னுக்குப் பெரிய வணிகப் பொருளாக ஒருபோதும் ஆகவில்லை. விலை அதிகம், நச்சுத்தன்மையும் உண்டு. மிகை இலாபம் குன்றியதும் தயவும் குன்றிற்று. நைலோனைத் தந்த மரபில் வந்த மத்திய ஆராய்ச்சிப் பிரிவை அக்கம்பனி 2016இன் தொடக்கத்திற் சுருக்கி வேறு பிரிவோடு இணைத்து, நீண்டகாலம் பணியாற்றிய விஞ்ஞானிகள் பலரை வேலைநீக்கம் செய்தது. இன்று ஒரு பெடர்சன் 0.4 சதவீத விளைவைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேலாளரிடம் செல்வார்? மூன்றாண்டுத் திட்டங்களுக்கும் வெளியீட்டு எண்ணிக்கைக்கும் தம்மை ஒப்புக்கொடுத்துவிட்ட பல்கலைக்கழகங்களும் இவ்வினாவிலிருந்து தப்பிக்கொள்ள முடியாது.

பெடர்சன் 1969இல் ஓய்வுபெற்றபின் நியூ ஜேர்சியிலுள்ள சேலத்தில், மீன்பிடித்தும் தோட்டஞ்செய்தும் வாழ்ந்தார். 1983இல் மனைவி சூசன் காலமானார். அதே ஆண்டில் அவருக்கு என்புமச்சைப் புற்றுநோய் இருப்பதும் கண்டறியப்பட்டது. 1989 ஒக்ரோபர் 26இல் அவர் இறந்தார்.

தென் கரோலினாவின் சவன்னா ஆற்றங்கரையில் அமெரிக்க அரசின் அணுவாயுதத்துக்கான புளூற்றோனியத்தை உற்பத்தி செய்துவந்த நிலையம் ஒன்று உண்டு. 1950களில் அதனைக் கட்டி 1989 வரை நடத்தியது டூபொன் கம்பனியே. நிலக்கீழ்த் தொட்டிகளிற் கோடிக்கணக்கான லீற்றர் கதிர்வீச்சுக் கழிவை அது விட்டுச்சென்றது. அக்கழிவில் மிகுந்து காணப்படும் சோடியத்தின் நடுவிலிருந்து, மிகச்சிறிதளவான சீசியம்-137ஐ மட்டும் தெரிந்து பிரிக்கும் ஆலை அங்கு 2020இல் இயங்கத் தொடங்கிற்று. சீசியத்தைப் பற்றுவதற்கு அங்கே பயன்படுத்தப்படும் மூலக்கூற்றில் கிரீட ஈதர் வளையம் உள்ளது.